டார்க்காக ஒலிக்கும் கிட்டாருக்கு எந்த பிக்கப்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு, பேஸ், ரிதம் பேட், தபலா எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது முதலில் காணாமல் போவது கிட்டார்தான். அதுவும் மகாகனி மர உடலும் ஹம்பக்கரும் (இரண்டு சுருள் கொண்ட பிக்கப்) உள்ள கிட்டார் என்றால் கேட்கவே வேண்டாம், ஒலி மூடிக்கொண்டு டார்க்காகிவிடும். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம். "வால்யூம் கூட்டினாலும் எடுபடவில்லை, பிக்கப்பை மாற்றிவிடலாமா?" என்று சிங்கப்பூரில் வாசிக்கும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பிக்கப் மாற்றுவது நல்ல காரியம்தான். ஆனால் ஒலியை மூடுவது எது என்று கண்டுபிடித்த பிறகு மாற்றினால்தான் கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்கும்.

"டார்க்" என்று சொல்கிறோமே, அது ஒரே குறைதானா?

இல்லை. இரண்டு வேறு குறைகளுக்கு நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

முதலாவது, மேலே இருக்க வேண்டியது இல்லாமல் போவது. பிக் கம்பியில் படும் சத்தம் கேட்காது. கார்டு அடித்தால் சுரங்கள் தனித்தனியாகப் பிரியாது. இரண்டாவது, கீழே இருப்பது அளவுக்கு மீறிப் போவது. தடித்த கம்பிகள் கொழகொழவென்று ஒன்றோடொன்று கலந்துவிடும். ஏறக்குறைய 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி அது. கீபோர்டுக்காரரின் இடது கையும் பேஸும் ஏற்கனவே அங்கேதான் இருக்கின்றன. கிட்டாரும் அங்கேயே போய் நின்றால் மூன்றுமே தெளிவாகக் கேட்காது.

பிரித்தறிய எளிய வழி உண்டு. ஆம்பில் பேஸ் நாபைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். தெளிவு வந்துவிட்டால் உங்கள் குறை இரண்டாவது வகை. ஒலி மெலிந்தும் மூடியே இருந்தால் முதல் வகை. இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கம்பியை மாற்றினாலே போதும் என்கிறார்களே?

பல நேரம் போதும். இந்த ஊர் ஈரப்பதத்தில், வியர்க்கும் கையோடு வாசிப்பவர்களுக்குக் கம்பி சில வாரங்களிலேயே செத்துவிடும். சுற்றப்பட்ட கம்பியின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஃபிரெட் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருந்தால் அதில் மேல் ஒலி மிச்சம் இருக்காது. பூச்சுள்ள கம்பி விலை கூடுதல்தான், ஆனால் இங்கே அது வீண் செலவல்ல. சுத்த நிக்கல் கம்பி போட்டிருந்தால் நிக்கல் பூசிய ஸ்டீலுக்கு மாறுங்கள். அந்த வித்தியாசமே காதுக்குத் தெரியும்.

கேபிளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி. அதற்கு இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) உண்டு. கேபிளுக்குக் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கம்) உண்டு. இரண்டும் சேரும்போது ஓர் அதிர்வெண்ணில் ஒலி முகடுபோல் எழும்பி, அதற்கு மேலே சரிந்துவிடும். அந்த முகடு எங்கே இருக்கிறது என்பதுதான் கிட்டார் பிரகாசமாக ஒலிக்கிறதா, மூடி ஒலிக்கிறதா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய பாணி ஹம்பக்கர் ஒன்றின் இண்டக்டன்ஸ் 4.5 ஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் வீதம் 6 மீட்டர் கேபிளுக்கு 600. பிக்கப்பின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸுக்கு 100 சேர்த்தால் 700. முகடு சுமார் 2,840 ஹெர்ட்ஸில் வரும். அதே கிட்டாரை 3 மீட்டர் கேபிளில் சொருகினால் சுமார் 3,750 ஹெர்ட்ஸ். பிக்கப்பைத் தொடாமலேயே கிட்டத்தட்ட 900 ஹெர்ட்ஸ் மேலே போய்விட்டோம்!

தரையில் வரிசையாகப் பெடல் வைத்திருப்பவர்கள் அந்தக் கேபிள் நீளத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வரிசையின் தொடக்கத்தில் பஃபர் (பின்னால் வரும் கேபிளின் பாரம் பிக்கப் மேல் விழாமல் தடுக்கும் சர்க்யூட்) உள்ள பெடல் ஒன்று இருந்தால் (பாஸ் நிறுவனத்தின் பெடல்கள் அப்படிப்பட்டவை) அதற்குப் பின்னால் வரும் கேபிள் ஒலியைத் தின்னாது. வயர்லெஸ் போட்டால் நீளக் கேபிளின் பாரமே இல்லை.

வீட்டில் ஹெட்ஃபோன் போட்டு வாசிக்கும்போதுதான் டார்க்காக இருக்கிறது. ஏன்?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ராத்திரி ஆம்பைத் திறக்க முடியாது, அதனால் பாதிப் பேர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் வாசிக்கிறோம். அதில் "இன்ஸ்ட்ருமென்ட்" பொத்தானை அமுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அமுக்காவிட்டால் கிட்டார் லைன் உள்ளீட்டில் போய்ச் சேரும். கிட்டார் எதிர்பார்ப்பது 10 லட்சம் ஓம் அளவிலான உள்ளீடு. லைன் உள்ளீட்டில் கிடைப்பது பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்தான். எந்த பிக்கப்பை வாங்கிப் போட்டாலும் அங்கே மந்தமாகத்தான் கேட்கும்.

பாட் மதிப்பு 250 ஆ, 500 ஆ?

பாட் என்பது வால்யூம், டோன் நாபுகளுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை (பொட்டென்ஷியோமீட்டர்). ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) 250 கிலோ ஓம் என்பது வழக்கம். வால்யூம் பாட்டும் டோன் பாட்டும் முழுக்கத் திறந்திருந்தாலும் பிக்கப்பின் மேல் பாரமாகத்தான் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு 500 சேர்ந்தால் பாரம் 250 கிலோ ஓம். இரண்டு 250 சேர்ந்தால் 125. எண் குறையக் குறைய பாரம் அதிகம், மேலே சொன்ன முகடு தட்டையாகிவிடும். ஹம்பக்கர் போட்ட கிட்டாரில் 250 பாட் இருந்தால் அதுதான் குற்றவாளி என்று கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

பின்பலகையைத் திறந்து பாட்டின் முதுகில் உள்ள முத்திரையைப் படியுங்கள். 500 என்று போட்டிருந்தாலும் சாதாரண பாட்டுகளில் 20 சதவீதம் ஏற்றத்தாழ்வு சகஜம். உண்மையில் 400 ஆக இருக்கலாம். புது பாட் வாங்கும்போது கடையிலேயே மல்டிமீட்டர் வைத்து, 500-ஐத் தாண்டுவதைப் பொறுக்கி எடுங்கள். ஆசியத் தயாரிப்புக் கிட்டாரில் ஓட்டை ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். அமெரிக்க அளவு பாட்டுக்கு 9.5 மி.மீ. வேண்டும். இதைத் தெரியாமல் வாங்கினால் மரத்தை அகட்ட நேரிடும்.

சரி, குற்றம் பிக்கப்பிடம்தானா என்று எப்படி உறுதி செய்வது?

நேரடிச் சோதனை ஒன்று இருக்கிறது. பிக்கப் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

முதலில் உள்ளே இருக்கும் வயரிங்கை நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பிக்கப்பிலிருந்து வரும் ஹாட் வயரை (சிக்னல் வரும் வயர்) எடுத்துவிட்டு, பாட், சுவிட்ச் எதையும் தொடாமல், நேராக ஜாக்கின் முனைக்கு இணையுங்கள். தரை வயர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஜாக்கின் தரையோடு அதற்குத் தொடர்பு இருந்தால் போதும். பாட்டிலிருந்து ஜாக்குக்கு வரும் பழைய வயரையும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாரம் அப்படியே இருக்கும். பற்றவைக்கத் தயக்கமாக இருந்தால் முதலைக் கிளிப் போட்ட வயர் போதும். கிட்டாரில் வால்யூம் கட்டுப்பாடு இருக்காது, எனவே ஆம்பைக் குறைத்து வைத்துச் சொருகுங்கள்.

இப்போது பழக்கமான ஒரு கார்டை அடியுங்கள். பிறகு மெல்லிய மூன்று கம்பிகளை மட்டும் தனித்தனியாக மீட்டுங்கள். அந்த பிக்கப்பால் தர முடிந்த அதிகபட்சப் பிரகாசம் இதுதான். "அட, இதுதானே வேண்டும்!" என்று தோன்றினால் பிக்கப் நல்ல பிக்கப், பாட் வாங்கப் போங்கள். இப்போதும் மூடியே இருந்தால் பிக்கப்தான் காரணம், தயங்காமல் மாற்றுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் 500 பாட்டும், 10-இல் வைத்தால் சர்க்யூட்டிலிருந்து தானே விலகிக்கொள்ளும் நோ-லோடு டோன் பாட்டும் சேர்ந்து காரியத்தை முடித்துவிடும்.

பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்தால் மாறுமா?

இரண்டாவது வகைக் குறைக்கு இது முதல் மருந்து, செலவும் இல்லை. கடைசி ஃபிரெட்டில் கம்பியை அமுக்கிப் பிடித்து, கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், ஹம்பக்கருக்கு பிரிட்ஜ் பக்கம் (உடலில் கம்பி தாங்கும் பாலத்தின் அருகே) சுமார் 1.6 மி.மீ., நெக் பக்கம் (கிட்டாரின் கழுத்தருகே) சுமார் 2.4 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து நெக் பிக்கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், தடித்த கம்பிப் பக்கத்தைக் கூடுதலாகவே. சத்தம் குறையும், தெளிவு ஏறும். சத்தத்தை ஆம்பில் கூட்டிக்கொள்ளலாம். பிக்கப்பை இறக்கிய பின் அதன் திருகு முனைகளை மட்டும் மேலே தூக்கினால், திருகு உள்ள சுருள் முன்னே வந்து சுரம் இன்னும் கூர்மையாகும்.

"16 கிலோ ஓம் பிக்கப், நல்ல பவர்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

டார்க்கான கிட்டாருக்கு வேண்டாம். பலரைத் தவறான பாதையில் கொண்டுபோகும் எண் இதுதான்.

ஓம் என்பது சுருளின் மின்தடை மட்டும். சுருளின் கம்பி மெலிந்தாலும் ஏறும், சுற்று கூடினாலும் ஏறும். அதை வைத்து ஒலியை முடிவு செய்வது, மூட்டையின் எடையைப் பார்த்துச் சோற்றின் பக்குவத்தைச் சொல்வது மாதிரி. ஒலியைச் சொல்லும் எண் இண்டக்டன்ஸ். ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) வகை சிங்கிள் காயிலுக்கு அது 2 முதல் 3 ஹென்றிக்குள், பழைய பாணி ஹம்பக்கருக்கு 4 முதல் 5, பவர் பிக்கப்புகளுக்கு 7, 8 என்று போகும். முன்பு போட்ட 6 மீட்டர் கேபிள் கணக்கிலேயே 8 ஹென்றியை வைத்துப் பாருங்கள், முகடு சுமார் 2,130 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பவர் கூடும், ஆனால் மூடிய கிட்டார் இன்னும் மூடிப்போகும்.

விவரப் பட்டியலில் இண்டக்டன்ஸ் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால், 42 எண் கம்பியில் சுற்றிய, 7.5 முதல் 8.5 கிலோ ஓம் வரையுள்ள ஹம்பக்கர் பாதுகாப்பான தேர்வு. கிப்சன் நிறுவனத்துக்காக செத் லவர் வடிவமைத்த முதல் ஹம்பக்கர்கள் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் இருந்தன. 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, அது கிடைத்தது 1959-இல். இடையில் "காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்ற பொருளில் ஒட்டிய ஆங்கில ஸ்டிக்கரின் முதலெழுத்துகள்தான் பிஏஎஃப். அந்த நாள் பிக்கப்புகளில் இரண்டு சுருளிலும் சுற்று எண்ணிக்கை சரிசமமாக இருக்காது, அந்த ஏற்றத்தாழ்வே மேல் ஒலிக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்கும். இன்றும் பிஏஎஃப் பாணி என்று விற்பவற்றில் சில வேண்டுமென்றே அப்படிச் சுற்றப்படுகின்றன.

எந்தக் காந்தம்?

அல்னிகோ 5. கீழ்ப்பகுதி இறுகும், மேல்பகுதி திறக்கும். அல்னிகோ 2 மென்மையானது, இனிமையானது. ஆனால் கூச்சல் போடும் பிரகாசமான கிட்டாரைச் சாந்தப்படுத்த அது பொருத்தம், உங்கள் கிட்டாருக்கு அல்ல. இப்போது இருக்கும் பிக்கப்பில் அல்னிகோ 2 இருந்தால், காந்தத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது பிக்கப் விலையில் சிறு பங்கில் முடியும். துருவத்தைக் குறித்துக்கொண்டு அதே திசையில் செருகுங்கள். செராமிக் என்றாலே கரகரப்பு என்பது தப்பான பேச்சு. செராமிக் பிக்கப்புகள் பலவும் அதிகம் சுற்றப்பட்டிருப்பதால் வரும் குணத்தைக் காந்தத்தின் தலையில் கட்டுகிறோம்.

பெயர் சொல்லுங்களேன்.

நெக் பக்கம் செய்மோர் டங்கன் ஜாஸ். மகாகனி கிட்டாரில் இதைவிடச் சுலபமாகத் தெளிவு தரும் நெக் ஹம்பக்கரை நான் சிபாரிசு செய்வதில்லை. நம் பாடல்களுக்கு நெக் பிக்கப்தான் உயிர். கமகம் வைத்துக் கம்பியை இழுக்கும்போதும், ஸ்லைடில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும்போதும் நடுவில் உள்ள வளைவு கேட்க வேண்டும். கொழகொழத்த நெக் பிக்கப்பில் தொடக்கமும் முடிவும்தான் கேட்கும், வழி கேட்காது.

பிரிட்ஜ் பக்கம் செய்மோர் டங்கன் ஃபிஃப்டி நைன், அல்லது டிமார்சியோவின் பிஏஎஃப் 36-ஆம் ஆண்டு மாடல். கெயின் அதிகம் வைத்து வாசிப்பவர் என்றால் டங்கனின் கஸ்டம், செராமிக் காந்தத்தோடு கீழ்ப்பகுதியை இறுக்கிப் பிடிக்கும். டங்கனின் ஜேபி மாடல் பற்றி அதிகம் கேட்கிறார்கள். அதன் மேல்-நடுப்பகுதி தூக்கலாக இருப்பதால் லீட் வாசிப்பு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரும், ஆனால் சுத்தமான கார்டுக்குக் காற்றோட்டம் தராது. டிமார்சியோ டோன் சோன், சூப்பர் டிஸ்டார்ஷன் இரண்டும் நல்ல பிக்கப்கள். மெலிந்து ஒலிக்கும் கிட்டாருக்கு வரப்பிரசாதம். உங்களுக்கு ஏற்கனவே கனம் அதிகம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நெக்கை மாற்றுங்கள். கொழகொழப்பு பெரும்பாலும் அங்கேதான்.

ஹம்பக்கர் குழியில் பி-90 போடலாமா?

ஹம்பக்கர் அளவிலேயே செய்த பி-90 கிடைக்கிறது. கரகரப்பும் உயிரும் உள்ள ஒலி. ஆனால் அது சிங்கிள் காயில்தான், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலைப் பிடிக்கும். மேடை விளக்கு டிம்மர் பக்கத்தில் நின்றால் இன்னும் மோசம். இரைச்சல் பிடிக்காதவர்கள் அதே அளவில் வரும் ஃபில்டர்ட்ரான் வகையைத் தேடலாம். அதுவும் ஹம்பக்கர்தான், ஆனால் குறைவாகச் சுற்றப்பட்டது, பளிச்சென்று இருக்கும்.

காசே செலவழிக்காமல், ஏற்கனவே உள்ள ஹம்பக்கரைப் பிரகாசமாக்க வழி?

நான்கு வயர் பிக்கப் என்றால் இரண்டு சுருளையும் தொடராக இணைப்பதற்குப் பதில் இணையாக இணைத்துப் பாருங்கள். இண்டக்டன்ஸ் ஏறக்குறைய கால்பங்காகும், இரைச்சல் தடுப்பு அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் குறையும். ஒரு சுருளைத் துண்டிக்கும் ஸ்ப்ளிட் முறையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

மலிவுக் கிட்டாரில் பிக்கப்பின் மேல் பித்தளை மூடி இருந்தால் அது மேல் ஒலியை விழுங்கும். நிக்கல் சில்வர் மூடியில் இந்தக் குறை சொற்பம்.

வால்யூமைக் குறைத்தால் மட்டும் டார்க்காகிறது?

அது பிக்கப்பின் குற்றமே இல்லை. ட்ரெபிள் பிளீட் போடுங்கள்: 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இணையாக, வால்யூம் பாட்டின் உள்ளீட்டு முனைக்கும் நடு முனைக்கும் இடையே. தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சிம் லிம் டவரில் இந்தச் சில்லறைப் பொருள்கள் கிடைக்கும், சால்டர் ஈயமும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

மரம்தான் காரணம், எதைப் போட்டாலும் மாறாது என்கிறார் அண்ணன் ஒருவர்.

மாறும். மேலே சொன்ன கேபிள், பாட் கணக்கு எதிலும் மரம் வரவில்லை, ஆனாலும் அவை காதுக்கு நன்றாகவே கேட்கின்றன.

சிங்கப்பூரில் எங்கே வாங்குவது?

சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் பெனின்சுலா வட்டாரத்துக் கிட்டார் கடைகளில் தொடங்குங்கள். நீங்கள் விரும்பும் பிக்கப் பொருத்திய கிட்டார் ஏதாவது மாட்டியிருந்தால், உங்கள் கேபிளோடு வாசித்துக் கேட்கலாம். இணையத்தில் எத்தனை காணொளி பார்த்தாலும் அதற்கு ஈடாகாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 சதவீதப் பொருள் சேவை வரியைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2023 தொடக்கத்திலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் வரி வசூலிக்கிறார்கள். கேரோசல் இணையச் சந்தையில் பழையது வாங்கினால், மல்டிமீட்டர் எண் தெரியும் படம் கேளுங்கள். வயர் எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கிறது என்பதையும் கேளுங்கள், குட்டையாக வெட்டியிருந்தால் பாட்டுக்கு எட்டாது.

ஆர்டர் போடுமுன் பிரிட்ஜ் பக்கம் முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் உள்ள இடைவெளியை பிக்கப்பின் மேலே அளந்துகொள்ளுங்கள். கிப்சன் வகையில் சுமார் 50 மி.மீ., ஃபெண்டர் வகை பிரிட்ஜில் 52, 53 வரும்.

நானே பற்றவைக்கலாமா?

தாராளமாக. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாட்டின் முதுகில் பற்றவைக்க 40 வாட்டுக்குக் குறையாத இரும்பு வேண்டும், சூடு போதாமல் நெடுநேரம் அழுத்தினால்தான் பாட் பாழாகும்.

வயர் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. டங்கனில் கறுப்பு ஹாட், பச்சை தரை, சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். டிமார்சியோவில் சிவப்பு ஹாட், பச்சை தரை, கறுப்பும் வெள்ளையும் சேரும். இரண்டையும் கலந்து போட்டபின் நடு நிலையில் மட்டும் ஒலி மெலிந்து மூக்கால் பேசினால், இரண்டு பிக்கப்பும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன என்று அர்த்தம். ஒன்றின் ஹாட்டையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள், உறையில்லாத வயரை மட்டும் தரையிலேயே விட்டுவிடுங்கள்.

ஆக்டிவ் பிக்கப் போட்டால் எல்லாம் தீருமா?

கேபிள் பிரச்சினை தீரும், உள்ளேயே ப்ரீஆம்ப் இருப்பதால். 9 வோல்ட் பேட்டரி வேண்டும், பாட்டுகளும் 25 கிலோ ஓமுக்கு மாற வேண்டும், பேட்டரிக்கு இடமும் பார்க்க வேண்டும். மெட்டல் வாசிப்பவருக்கு இஎம்ஜி நிறுவனத்தின் ஆக்டிவ் பிக்கப் பொருத்தம். வால்யூம் நாபைச் சுண்டு விரலால் திருப்பித் திருப்பி ஒலியை மென்மையாக்கி வாசிக்கும் மெல்லிசைக்காரருக்கு நான் பாஸிவையே சொல்வேன்.

கழற்றிய பழைய பிக்கப்பை விற்றுவிடலாமா?

கொஞ்ச நாள் வைத்திருங்கள். வயரை வெட்டாமல் பற்றவைப்பைச் சூடாக்கியே எடுங்கள். எந்தக் கிட்டார், நெக்கா பிரிட்ஜா, எத்தனை கிலோ ஓம் என்று டேப்பில் எழுதி ஒட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போடுங்கள். புதுசை இரண்டு மூன்று கச்சேரியில் முழுக் குழுவோடு வாசித்துப் பார்த்த பிறகு விற்பதைப் பற்றி யோசிக்கலாம். கிட்டாரையே விற்க நேர்ந்தால் வாங்குபவர் அசல் பிக்கப்பைத்தான் முதலில் கேட்பார்.